திரும்பி வந்த அட்டைகள்

ஞாயிறு காலை

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம். முழங்கால் மட்டும் மாடிப்படியைக் கண்டால் அடம்பிடிக்கிறது. நீயும் மகளும் மாப்பிள்ளையும் சுகம்தானே? புதுக்குட்டி எப்படி இருக்கிறாள்? மாப்பிள்ளை அனுப்பிய படம் வந்தது. அந்த முறைப்பு வேறு யாருடையது, உன்னுடையதேதான்.

நீ மகள் வீட்டுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். தொலைபேசியில் கூப்பிட்டால் மகள் எடுத்து, "அம்மா குளிக்கிறாங்க பெரியம்மா" என்கிறாள். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவைதான் குளிப்பாள்? கைக்குழந்தை இருக்கிற வீட்டில் வேலை தலைக்கு மேல் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இருபத்தாறு வருடம் ஊரார் கடிதத்தையெல்லாம் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவள், சொந்த அக்காவுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா?

சண்டை போட எழுதவில்லை. நல்ல செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். புதிய வாக்காளர் பட்டியல் அச்சாகி வந்துவிட்டது. அரசு அச்சகத்துக்கே போய், நான் முப்பது வருடம் உட்கார்ந்து பிழை திருத்திய மேசையில் வைத்து, நம் வட்டத்தின் பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். அம்மாவின் பெயர் மேல் ஒரு கோடு. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அம்மா போய் ஒன்பது வருடம் கழித்தும் அவள் பெயர் பட்டியலில் இருந்ததும், அதற்கு நேரே யாரோ சுழித்துச் சுழித்துக் கையெழுத்துப் போட்டு வாக்களித்திருந்ததும் உனக்கு மறந்திருக்காது. அம்மாவுக்குக் கைநாட்டுதானே தெரியும்? அந்தக் கையெழுத்தைப் பார்த்த அன்றுதான் நாம் இருவரும் வாக்காளர் மன்றத்தில் சேர்ந்தோம்.

எட்டு வருடம் அலைந்தோம். மருந்துக்கடை மாடியில் ஏழே ஏழு பேர். எந்தக் கட்சிக்காரரையும் படியேற விடவில்லை. நாம் அவர்களுடைய ஆட்கள் என்று இவர்களும், இவர்களுடைய ஆட்கள் என்று அவர்களும் திட்டினார்கள். இப்போது மாநில அரசு நம் வரைவை அப்படியே சட்டமாக்கிவிட்டது. நான் எழுதிய நான்காம் பிரிவில் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்றவில்லை. ஒவ்வொரு வாக்காளருக்கும் சரிபார்ப்பு அட்டை தபாலில் போகும். முப்பது நாளுக்குள் கையொப்பத்தோடு திரும்பாவிட்டால், அல்லது உரியவரிடம் சேராமல் திரும்பிவிட்டால், பெயர் நீக்கப்படும். இதைவிடச் சுத்தமாக ஒரு பட்டியலை எப்படி வைத்துக்கொள்வது?

நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. ஆறுக்கு ஒன்று என்று தோற்றதை நீ இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை. அன்று நான் பொதுவாகச் சொன்ன ஒரு வார்த்தையை, உன்னைச் சொன்னதாக நீயே இழுத்துப் போட்டுக்கொண்டாய். அக்கா தங்கைக்குள் இதெல்லாம் ஒரு விஷயமா?

சாவிக் கடைப் பூட்டு மாமா உன்னை விசாரித்தார். மன்றத்தில் உறுப்பினர் இல்லாவிட்டாலும், இப்போதும் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து நாற்காலிகளை எடுத்துப் போடுகிறார். ஜன்னலோரம் உன் நாற்காலியையும் சேர்த்துப் போட்டுவிட்டு, "வந்தா உக்காரட்டும்" என்கிறார்.

அடுத்த ஞாயிறு வாக்குப்பதிவு. வாசலில் உதவி மேசை போட்டு உட்காரப்போகிறேன். குட்டியை நன்றாகப் பார்த்துக்கொள். காதைக் குளிரில் காட்டாதே.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா

*

வியாழன்

தங்கைக்கு,

அக்காவின் அன்பு. வாக்குப்பதிவு முடிந்து நான்கு நாள் ஆகிறது. வீட்டில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. மாடித் தண்ணீர்த் தொட்டி கசிந்ததை ஆள் வைத்து அடைத்துவிட்டேன். எதிர்வீட்டுத் தையல்காரர் தம்பதி ஒருவழியாகப் பேச ஆரம்பித்திருக்கிறார்கள். தெரு அமைதி போய்விட்டது. உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டிருக்கிறது.

பார், எழுத வந்ததை விட்டுவிட்டு எதையெதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கூட வாசலில் காலை ஏழு மணிக்கே மேசை போட்டுவிட்டோம். நானும் மருந்துக்கடைக்காரரும். சாவடி எண் கேட்பவர்களுக்கு வழி சொல்வது, நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி தள்ளுவது என்று முதல் ஒரு மணி நேரம் குஷியாகப் போனது. எட்டேகாலுக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி வந்தாள். பட்டியலில் தன் பெயர் மேல் கோடு இருக்கிறது என்றாள். விடுதியில் அட்டையை வாங்கி வைத்த காவலாளி அதைத் தர மறந்துவிட்டானாம். நான் வருத்தம் தெரிவித்து அவள் பெயரை எழுதிக்கொண்டேன். நேர்த்தியான பட்டியலில் ஒன்றிரண்டு இப்படித் தவறத்தான் செய்யும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அடுத்து, ஒரே வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பி. அப்புறம் வலைக்கம்பிப் பட்டறையில் வேலை செய்யும் நான்கு பெண்கள், ஒன்றாக. ஒன்பது மணிக்குள் மேசை முன்னால் ஒரு வரிசையே நின்றது. உள்ளே வாக்களிக்க ஒரு வரிசை, வெளியே திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு இன்னொன்று.

ஒன்பதரைக்குப் பூட்டு மாமா வந்தார். முகச்சவரம் செய்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு. இருபத்தொரு வயதிலிருந்து இந்த எழுபது வரை ஒரு தேர்தலைக்கூட விட்டதில்லை என்று நம்மிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறார்! உள்ளே போனவர் சீக்கிரமே வெளியே வந்தார். சிரித்துக்கொண்டேதான் வந்தார். "அச்சகத்தம்மா, என் பேர்ல ஏதோ அச்சுப்பிழை. நீங்க ஒரு வார்த்தை சொன்னா சரியாயிடும்" என்றார்.

நான் எழுந்து அவருடன் உள்ளே போனேன். சாவடி அலுவலர் ஒரு சின்னப் பெண். விவசாயத் துறையில் எழுத்தராம். பட்டியலைத் திருப்பிக் காட்டினாள். அட்டை சேராமல் திரும்பியது என்று குறிப்பு இருந்தது. இவரை எனக்கு இருபது வருடமாகத் தெரியும், இதே தெருவில்தான் இருக்கிறார் என்றேன். அவள் சட்டப் புத்தகத்தை எடுத்து நான்காம் பிரிவைப் படித்துக் காட்டினாள். அன்றைய தினம் பெயர் சேர்க்க வழியில்லை என்ற வரியையும் படித்தாள். கள்ள வாக்குக்குக் கதவு திறந்துவிடக் கூடாது என்று அந்த வரியையும் நான்தான் சேர்க்கச் சொன்னேன். படித்து முடித்துவிட்டு, "இது நீங்க எழுதினதுதானே மேடம்? பயிற்சி வகுப்புல நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக்குடுத்தீங்க?" என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்டாள்.

பூட்டு மாமா என்னைப் பார்த்தார். அதுவரை அவருக்குத் தெரியாது போலிருக்கிறது. நம் கூட்டங்களில் நாற்காலி போட்டாரே தவிர, நாம் என்ன எழுதுகிறோம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை, நாமும் சொன்னதில்லை.

"அப்ப இது பிழை இல்லையாம்மா?" என்றார்.

இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது?

அவர் கோபப்படவில்லை. ஒரு சத்தம் போட்டிருந்தால்கூட எனக்குத் தேவலை. வெளியே வந்து வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தார். வீட்டுக்குப் போகச் சொன்னேன். "நான் போன நேரத்துல யாராவது கூப்பிட்டுட்டா?" என்றார். மத்தியானம் சாப்பிடவும் போகவில்லை. ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடக் கதவைச் சாத்தினார்கள். எழுந்து, எங்கள் மேசையையும் நாற்காலிகளையும் மடக்கி ஓரமாக அடுக்கி வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். என் ஏட்டில் அன்று எழுதிய பெயர்கள் எழுபத்தொன்று.

வீட்டுக்கு வந்து பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அம்மாவின் பெயர் மேல் இருக்கும் கோடும் பூட்டு மாமாவின் பெயர் மேல் இருக்கும் கோடும் ஒரே மாதிரி இருக்கின்றன. ஒரே தடிமன், ஒரே நீளம்.

போன கடிதத்தில் உனக்கு ஒரு பொய் எழுதியிருந்தேன். அன்று கூட்டத்தில் நான் பொதுவாகச் சொல்லவில்லை. "அக்கா, கடுதாசி எல்லா வீட்டுக்கும் போய்ச் சேந்துடும்னு நீ நம்புற. எது சேராதுன்னு எனக்குத் தெரியும். கொண்டுபோனவ நான்" என்று நீ சொன்னாய். அதற்கு நான், கடிதம் சேரவில்லை என்றால் அது கொண்டுபோகிறவர்களின் சோம்பல், அதற்காகச் சட்டத்தை வளைக்க முடியாது என்றேன். உன்னைப் பார்த்துத்தான் சொன்னேன். மற்ற ஐந்து பேர் முன்னால் சொன்னேன். மழையில் நனைந்த பையோடு நீ வீட்டுக்கு வந்த நாளையெல்லாம் பார்த்தவள் நான். வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் சட்டையைப் பிடித்திருப்பேன்.

இதற்குப் பதில் எழுதத் தோன்றாவிட்டால் எழுத வேண்டாம். குட்டிக்குத் தடுப்பூசி போட்ட பிறகு காய்ச்சல் வந்ததா என்று மட்டும் மகளைச் சொல்லச் சொல்.

அக்கா

*

செவ்வாய் பிற்பகல்

அன்புத் தங்கைக்கு,

நலம், நலமறிய ஆவல். காய்ச்சல் ஒரே நாளில் இறங்கிவிட்டதாக மகள் சொன்னாள். மனது நிம்மதியானது. பின்னால் நீ குழந்தையைக் கொஞ்சும் சத்தம் கேட்டது. நான் கேட்டேன் என்று உனக்குத் தெரிந்திருக்காது.

ஆறு வாரம் எழுதவில்லை. சும்மா இருக்கவில்லை, நடந்துகொண்டிருந்தேன். நம் வட்டத்தில் மட்டும் கோடு விழுந்த பெயர்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனேன். காலையில் ஏழு முதல் பத்து வரை, சாயங்காலம் நான்கு முதல் ஆறு வரை. ஒரு வாரத்தில் முழங்கால் வீங்கிவிட்டது. நீ இதை இருபத்தாறு வருடம், அதுவும் பையைச் சுமந்துகொண்டு எப்படிச் செய்தாய்?

கணக்கு இதுதான். பத்தொன்பது பேர் இறந்தவர்கள். ஐம்பத்தேழு பேர் வேறு ஊர் போனவர்கள். எட்டுப் பேரைப் பற்றி யாருக்கும் தெரியவில்லை. மீதி இருநூற்று இருபத்தெட்டுப் பேரும் அதே வீட்டில், அதே கதவுக்குப் பின்னால் உயிரோடு இருக்கிறார்கள். கதவைத் தட்டினால் திறக்கிறார்கள். தட்டத்தான் ஆள் இல்லை.

பூட்டு மாமாவின் வீட்டு எண் பதினான்கு. பதினான்கு என்று எழுதியிருக்கும் இரும்புக் கேட் துருப்பிடித்துப் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. அவர் அறைக்கு வழி பின்சந்தில், சாவிக் கடை வழியாக. புதிய தபால்காரர் கேட்டைப் பார்த்துவிட்டு 'ஆள் இல்லை' என்று எழுதித் திருப்பிவிட்டார். அவர் மேலும் குற்றமில்லை. அவர் கையில் இரண்டு வட்டம். பட்டறைப் பெண்கள் ஒரே வாடகை வீட்டில் பதினொரு பேர்; அட்டைகள் வந்து, வீட்டுக்காரர் மேசையில் தூசி படிந்து கிடக்கின்றன. ஒரு அம்மா அட்டையைப் பத்திரமாக அலமாரியில் வைத்திருந்தார். அரசாங்க முத்திரை இருக்கே, தொலைக்கக் கூடாது என்று. திருப்பி அனுப்ப வேண்டும் என்று அவருக்கு யாரும் படித்துச் சொல்லவில்லை.

போன இடமெல்லாம் உன்னைப் பற்றித்தான் பேச்சு. "உங்க தங்கச்சி இருந்தப்ப வாசல்ல நின்னு படிச்சே காட்டிட்டுப் போவாங்க" என்றார்கள். எனக்கு உட்காரக் கொடுத்த நாற்காலியில் உட்காரக் கூச்சமாக இருந்தது.

இதையெல்லாம் எழுதி மன்றத்தில் வைத்தேன். சட்டமன்றக் குழு பொது விசாரணை வைத்திருந்தது. அங்கே போய்ச் சொல்ல வேண்டும் என்றேன். மருந்துக்கடைக்காரர், "எட்டு வருஷ உழைப்பு. நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கணுமா?" என்று கேட்டார். அவர் பயம் நியாயமானதுதான். தோற்ற கட்சி நம்மைச் சதிகாரர் என்னும், ஜெயித்த கட்சி நம்மைக் கைகழுவும். கடைசியில், மன்றத்தின் பெயரில் பேச வேண்டாம், வேண்டுமானால் தனி ஆளாகப் போங்கள் என்றார்கள். தலைவர் பதவியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன். யார் மேலும் வருத்தமில்லை. அன்று உனக்கு எதிராகக் கை தூக்கிய ஐந்து பேரும் என்னை நம்பித்தானே தூக்கினார்கள்?

தலைநகரத்தில் பெரிய மண்டபம். குளிர்சாதனம் நடுக்கியது. எனக்குக் கொடுத்தது ஏழு நிமிடம். முந்நூற்றுப் பன்னிரண்டையும் பிரித்துச் சொன்னேன். எந்தக் கட்சிக்கு எத்தனை போயிருக்கும் என்று ஒருவர் கேட்டார். அது எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள விரும்பவும் இல்லை என்றேன். அப்புறம் குழுத் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நீங்க இந்தப் பிரிவை எழுதும்போது யாருமே எச்சரிக்கலையா?" என்று கேட்டார்.

ஒருத்தி எச்சரித்தாள், என் தங்கை, இந்த வட்டத்தின் தபால்காரி, நான் அவள் பேச்சைக் கேட்காததோடு அவளை அவமானப்படுத்தவும் செய்தேன் என்றேன். நடவடிக்கைக் குறிப்பின் அச்சுப் பிரதி பார்வைக்கு வந்தது. 'அஞ்சல் ஊழியர் ஒருவர் ஆட்சேபித்ததாகச் சாட்சி கூறினார்' என்று போட்டிருந்தார்கள். பழைய பழக்கம் விடுமா? சிவப்பு மையில் திருத்தி அனுப்பினேன். இப்போது 'சாட்சியின் தங்கை' என்று அச்சாகியிருக்கிறது. ஒரு பிரதி இத்துடன் இருக்கிறது.

பெரிதாக ஒன்றும் நடந்துவிடவில்லை. நான்காம் பிரிவை அடுத்த கூட்டத்தொடரில் பரிசீலிப்பார்களாம். அதுவரை, நீக்கப்பட்டவர்கள் ஒவ்வொருவரும் நேரில் படிவம் கொடுத்தால் பெயரைத் திரும்பச் சேர்ப்பார்கள். இந்த மாதம் கடைசித் தேதி வரை அவகாசம். போன தேர்தல் போனதுதான். அந்த ஞாயிற்றுக்கிழமையை யாருக்கும் திருப்பிக் கொடுக்க முடியாது.

படிவத்தை எடுத்துக்கொண்டு முதலில் பூட்டு மாமாவிடம்தான் போனேன். மரியாதையாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். நம் பின்கதவுப் பூட்டு இறுகிக் கிடந்ததைச் சொன்னதும், அன்றே வந்து எண்ணெய் விட்டுச் சரிசெய்தார். படிவத்தை மட்டும் தொடவில்லை. "இருக்கட்டும்மா, அடுத்த தடவை பாத்துக்கலாம்" என்றார். மூன்று தடவை போய்விட்டேன். மூன்று தடவையும் அதே பதில், அதே மரியாதை. கூட்டத்துக்கும் இப்போது வருவதில்லை. அவரைப் போல இன்னும் நூற்றுப் பத்துப் பேர் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். சிலர் என் முகத்துக்கு நேரே சொல்கிறார்கள். சிலர் உள்ளே ஆள் இருந்தும் கதவைத் திறப்பதில்லை. நான் அவர்களாக இருந்தாலும் எனக்குத் திறக்க மாட்டேன்.

நீ தட்டினால் திறப்பார்கள்.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. கைக்குழந்தையை விட்டுவிட்டு வரச் சொல்வதும் நியாயமில்லை. மகளிடம் கேட்டேன், மூன்று வாரம் மாமியார் வந்து பார்த்துக்கொள்வார் என்றாள். அவள் சொன்னதை எழுதுகிறேன், அவ்வளவுதான். வந்தால் காலையில் மூன்று மணி நேரம் நடக்க வேண்டியிருக்கும். படிவங்களை நான் தூக்கி வருகிறேன். நீ முன்னால் போ. யாரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று நீ சொல்கிறபடி செய்கிறேன். நடுவில் வாய் திறக்க மாட்டேன். நம்ப மாட்டாய், தெரியும்.

கடைசித் தேதிக்கு இன்னும் இருபத்து மூன்று நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு வந்தாலும் வா.

குட்டி நூறு வயசு வாழட்டும். அவள் வளர்ந்து முதல் தடவை வாக்களிக்கப் போகும்போது, அவள் பெயரைப் பார்த்து யாரும் உதட்டைப் பிதுக்காமல் இருக்கட்டும். உனக்கு முட்டி வலி வராமல் இருக்கட்டும்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அக்கா